பச்சைக் குறியும் ஒற்றைச் சக்கரமும்

காமிராவைப் பற்றி ஒரு நாவலாசிரியனிடம் யோசனை கேட்பது, மேளக்காரரிடம் முகூர்த்த நாள் பார்க்கச் சொல்வது மாதிரி. ஆனாலும் என் தங்கை மகள் கேட்டாள். சும்மா கேட்கவில்லை, சீட்டு எடுத்த பணம் 22,000 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"மாமா, இதை வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் சொல்லத் தெரிந்திருந்தால் நான் ஏன் நாவல் எழுத வருகிறேன்? பத்து நாள் அவகாசம் கேட்டேன்.

அவள் டிப்ளமா படித்தவள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில், செய்து வரும் சாமான்களைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் ஒப்பந்த வேலை. ஒரு வாரம் காலை ஷிப்டு; மறு வாரம் மத்தியானம் இரண்டு மணிக்குப் போனால் இரவு பத்துக்கு மேல்தான் வீடு. ஒப்பந்தம் எப்போது முடியும் என்பது அவளுக்கும் தெரியாது. காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று லீவு நாட்களில் படம் எடுத்துப் பழகி, நாலு பேருக்குத் தெரிந்த பிறகு அந்த ஷிப்டு பஸ்ஸுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் என்பது அவள் ஆசை. "அந்தப் பணத்துக்கு ஒரு ஜோடி தோடு வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாதா?" என்பது என் தங்கையின் கட்சி. ஆகவே என் ஒரு வார்த்தைக்கு இரண்டு பக்கத்திலும் ஆள் காத்திருந்தார்கள்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒருவர் தம்மிடம் வந்த பழைய காமிராவைப் பத்து நாள் பார்த்துக்கொள்ளக் கொடுத்தார். கானன் 1500டி. 2018-இல் வெளிவந்தது. ஆரம்பக்காரர்களுக்கென்று செய்யப்பட்ட டி.எஸ்.எல்.ஆர். வகையைச் சேர்ந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு திருவள்ளூருக்குக் கொண்டு வந்தேன். இரண்டும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரெயிலில் வர வேண்டுமானால் பேசின் பிரிட்ஜில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். அந்த மாறுதலுக்காகக் காத்திருந்த நேரத்திலேயே என் பரீட்சையை ஆரம்பித்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்த முதல் காமிரா என் தகப்பனாரின் பெட்டிக் காமிரா; பரோடாவில் தயாரான ஆக்பா கிளிக் 3. ஒரு பிலிம் சுருளில் சதுரமாகப் 12 படங்கள். வெயிலா, மேகமா என்று ஒரு சின்ன நெம்புகோலைத் தள்ளினால் ஆயிற்று. அதற்கு மேல் அது ஒன்றும் கேட்காது. நாமும் ஒன்றும் எதிர்பார்க்க மாட்டோம். ஏழைக் காமிராதான். ஆனால் தன் ஏழ்மையை அது மறைத்ததில்லை.

டி.எஸ்.எல்.ஆர். அப்படி அல்ல; அது பெரிய இடத்துச் சம்பந்தம். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை உள்ளே இருக்கும் ஒரு கண்ணாடி மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தும்போது அந்தக் கண்ணாடி 'டக்' என்று எழுந்து வழிவிட, வெளிச்சம் பின்னால் உள்ள சென்சாரில் விழுகிறது. தொழில்காரர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாக இருந்த இந்த ஏற்பாட்டை, 2003-இல் கானன் 300டி மூலம் 1,000 அமெரிக்க டாலருக்குள் கொண்டு வந்தார்கள். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அன்று திறந்தது ஒரு கதவு. 1500டி அந்த வம்சத்தில் வந்ததுதான்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். பாட்டரியும் கார்டும் சேர்ந்து 475 கிராம்; கூட வரும் 18-55 லென்ஸைச் சேர்த்தாலும் முக்கால் கிலோவை எட்டாது. மேலெல்லாம் பிளாஸ்டிக். "பிளாஸ்டிக்கா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த பெண்ணின் தோளில் தொங்கப் போகும் சாமானுக்குக் கனமில்லாமை ஒரு குணமே. வலது கைப்பிடி விரல்களுக்கு நன்றாக அடங்குகிறது. சுட்டுவிரல் தானாக ஷட்டர் பொத்தானில் போய் உட்காருகிறது. கட்டைவிரலுக்குப் பின்பக்கம் ரப்பர் ஒட்டிய ஒரு திண்ணை. செல்போனை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துப் படம் எடுத்துப் பழகியவர்கள் இதைப் பிடித்துப் பார்த்தால், ஒரு சாமானைக் 'கையில் பிடிப்பது' என்றால் என்ன என்று தெரிந்துகொள்வார்கள். இந்தப் பாடத்தில் முழு மார்க்குக் கொடுத்துவிட்டேன்.

அடுத்தது கண் வைக்கும் ஜன்னல். இதில்தான் இந்தக் காமிராவின் பெருமையும் இருக்கிறது, சிறுமையும் இருக்கிறது. பெருமை என்னவென்றால், ஒரு கண்ணை அதில் வைத்ததும் உலகம் விலகி, நாலு கோட்டுக்குள் இருப்பது மட்டும் நிற்கிறது. நம் கண்ணுக்கு வருவது திரையில் தெரியும் நகல் அல்ல. அந்த முகத்தில் பட்ட வெளிச்சமே வருகிறது. கதை எழுதுகிறவனுக்கு இதன் அருமை தெரியும். எதை விடுவது என்று தீர்மானிக்கத் தெரியாமல்தானே நம்மில் பாதிப் பேர் அறுநூறு பக்கம் எழுதுகிறோம்!

சிறுமை, அந்த ஜன்னல் சின்னது. விலை உயர்ந்த காமிராக்களில் முழுப் பளிங்குப் பட்டகம் இருக்கும் இடத்தில் இதில் கண்ணாடித் தகடுகளை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். நீளத்திலும் உயரத்திலும் 95 சதவிகிதம்தான் தெரியும். ஐந்துதானே குறைவு என்று நினைக்க வேண்டாம். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால், படத்தின் பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நாம் பார்க்காமலே வந்து சேருகிறது.

அந்தப் பத்தில் ஒரு பங்கில் என்ன வரும் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொண்டேன். தங்கை வீட்டுக்கு அடுத்த வீட்டில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தை. எதிரே தங்கக் கம்பியுடன் ஆசாரி. நல்ல படம் என்று நினைத்து எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஓரத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி, அழைப்பில்லாமல் வந்த விருந்தாளி மாதிரி, கால் நீட்டிக்கொண்டிருக்கிறது!

நாற்காலியையாவது வெட்டிவிடலாம். அன்று நடந்த இன்னொரு காரியத்தை வெட்ட முடியாது. காமிராவின் தலையில் ஒரு வட்டச் சக்கரம் இருக்கிறது. அதில் பச்சையாக ஒரு குறி: 'ஏ' எழுத்தும் ஒரு கூட்டல் அடையாளமும். எல்லாவற்றையும் காமிராவே பார்த்துக்கொள்ளும் என்று அர்த்தம். நானும் அந்தப் பச்சையில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஆசாரி கம்பியைக் காதருகே கொண்டு போன நேரம், கூடத்தில் வெளிச்சம் போதாது என்று காமிரா தீர்மானித்தது. பிளாஷ் விளக்குத் தானாகத் தலையைத் தூக்கி மின்னியது. குழந்தை வீரிட்டது. ஆசாரி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "சார், காது விஷயம்" என்றார், அவ்வளவுதான்.

பிழை என்னுடையது. பிளாஷ் வேண்டாம் என்று சொல்வதற்கு அதே சக்கரத்தில் பச்சைக்கு அடுத்தாற்போலவே ஒரு குறி உண்டு. நான் அதைப் பார்த்து வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்று இரவு அந்தச் சக்கரத்தை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணின் முகம், ஒரு மலை, ஒரு பூ, ஓடுகிற மனிதன், சாப்பாட்டுக்கு ஒரு முள்கரண்டியும் கத்தியும். ஒவ்வொன்றும் ஒரு வகைப் படத்துக்கு அடையாளம். "என்ன எடுக்கப் போகிறாய்? முகமா, மலையா, சாப்பாடா?" என்று அந்தச் சக்கரம் கேட்கிறது.

இந்த வகைப் பிரிவினை எனக்குப் பழக்கமானதுதான். தொடர்கதை எழுத ஆரம்பித்த காலத்தில் எனக்கும் இப்படி ஒரு சக்கரம் இருந்தது: ஒரு காதல், ஒரு மாமியார், ஒரு விபத்து, ஒரு கோயில் காட்சி. திருப்பினால் கதை வரும், படிக்கவும் படிப்பார்கள். ஆனால் கும்மிடிப்பூண்டி ரெயில் நிலையத்தில் விடியற்காலை ஐந்தரைக்கு இறங்குகிறார்களே, தூக்குச் சட்டியும் அடையாள அட்டையுமாக, பாதித் தூக்கத்தில் ஒரு கூட்டம், அவர்களுக்கு அந்தச் சக்கரத்தில் எந்தக் குறி? முகமா? மலையா? ஓடுகிற மனிதனா?

அதே சக்கரத்தின் இன்னொரு பகுதியில் படம் இல்லாமல் வெறும் எழுத்துக்கள் இருக்கின்றன. அதில் கடைசி எழுத்து 'எம்'. அங்கே திருப்பினால் காமிரா வேறு மூன்று கேள்விகள் கேட்கிறது. லென்ஸின் வாய் எவ்வளவு திறக்க வேண்டும்? எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும்? சென்சார் எவ்வளவு உணர்ச்சியோடு இருக்க வேண்டும்? தொழில்காரர் பாஷையில் அபெர்ச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. இந்தக் கேள்விகளில் முகமும் இல்லை, மலையும் இல்லை. வெளிச்சம் எவ்வளவு, நேரம் எவ்வளவு, எதுவரை தெளிவு என்பதுதான். என் கட்சி இதுதான்: முதல் வகைக் கேள்வி நம்மை வாடிக்கைக்காரராக்குகிறது, இரண்டாம் வகைக் கேள்விதான் கற்றுக்கொடுக்கிறது.

அப்படியானால் கற்றுக்கொள்ள இந்தக் காமிரா வசதி செய்து கொடுக்கிறதா? அதைப் பார்க்கத்தான் பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்துப் பழவேற்காட்டுக்குப் போனேன். தங்கை மகளுக்கும் அன்று லீவு, கூட வந்தாள்.

ஏரியில் தொலைவில் பூநாரைகள் நின்றுகொண்டிருந்தன. அவற்றை விரைவில் சொல்லி முடித்துவிடுகிறேன்: கூட வரும் லென்ஸுக்கு அவை எட்டாது. படத்தில் ரோஜா நிறத்தில் சில புள்ளிகள் விழுந்தன. பறவைப் படம் எடுக்க ஆசைப்பட்டு இதை வாங்குகிறவர்கள் இன்னொரு லென்ஸுக்கும் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரு பக்கமும் காவல் நிற்கின்றன. மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது செதுக்கல் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கும். கல்லறை யாரையும் அவசரப்படுத்தாது. ஆகவே பழகுவதற்கு அதைவிட நல்ல இடமில்லை. 'எம்'மில் வைத்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். ஐ.எஸ்.ஓ.வுக்குப் பின்பக்கத்துப் பொத்தான் வட்டத்தில் மேல்பொத்தான். கண்ணை மூடிக்கொண்டும் கண்டுபிடிக்கலாம். குவியத்துக்கு 9 புள்ளிகள். நடுப்புள்ளிதான் கெட்டிக்காரப் புள்ளி, அதையே நம்பினால் மோசமில்லை. எல்லாம் சரியாகவே போயிற்று.

கல்லறையை விட்டு ஏரிக்கரைக்கு வந்ததும்தான் சங்கடம் ஆரம்பித்தது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் பெண்கள், பனையோலைக் கூடையைப் பல்லில் கவ்வியபடி கரையேறிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாளிடம், "படம் எடுக்கலாமா?" என்று ஜாடையில் கேட்டேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்தச் சிரிப்பு இருக்கும்போதே எடுக்க வேண்டும். முகத்துக்குப் பின்னால் தண்ணீர் பளபளக்கிறது. அபெர்ச்சரை மாற்ற வேண்டும்.

இங்கேதான் விஷயம். இந்தக் காமிராவில் மதிப்புக்களை மாற்றச் சுட்டுவிரலுக்கு ஒரே ஒரு சக்கரம். 'எம்'மில் அதைத் திருப்பினால் ஷட்டர் வேகம் மாறும். அபெர்ச்சரை மாற்ற வேண்டுமானால், பின்பக்கம் ஒரு பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அதே சக்கரத்தைத் திருப்ப வேண்டும். நான் பொத்தானைத் தேடி, அழுத்தி, திருப்பி நிமிர்வதற்குள் அந்த அம்மாள் கூடையை இறக்கிவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். பழகாதவன் கை, ஒப்புக்கொள்கிறேன். என் தங்கை மகள் அரை மணி நேரத்தில் அந்த வித்தையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உயர்ந்த வகைக் காமிராக்களில் கட்டைவிரலுக்கென்று இரண்டாவது சக்கரம் வைக்கிறார்கள்; ஒரு விரலுக்கு அபெர்ச்சர், ஒரு விரலுக்கு ஷட்டர். கைதேர்ந்தவனுக்கு இரண்டு சக்கரம், கற்றுக்கொள்கிறவனுக்கு ஒன்று! தச்சுப் பட்டறையில் கற்றுக்குட்டிக்கு மொட்டை உளியைக் கொடுத்துவிட்டு, "உனக்கு இது போதும், கூர் உளியெல்லாம் மேஸ்திரிக்கு" என்றால் அவன் எப்போது மேஸ்திரி ஆவது? முள்கரண்டிக் குறிக்கு இடம் கிடைத்தது. இரண்டாவது சக்கரத்துக்குக் கிடைக்கவில்லை. இது ஒரு கம்பெனியின் விஷயம் மட்டும் அல்ல. அதே 2018-இல் வந்த நிக்கான் டி3500-இலும் ஒற்றைச் சக்கரம்தான். அதிலும் பொத்தானை அழுத்திக்கொண்டுதான் திருப்ப வேண்டும். ஆரம்பக்காரன் ஆரம்பத்திலேயே இருப்பான் என்று அந்த வகுப்பே தீர்மானித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது.

நிக்கானைச் சொன்னதால் அதன் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். டி3500 இன்னும் லேசு, 415 கிராம். கானன் பாட்டரி ஒரு தடவை ஏற்றினால் சுமார் 500 படம் என்று கணக்கு, நிக்கானுடையது 1,550. முகூர்த்தத்துக்கு விடியற்காலை போய் மத்தியானப் பந்தி வரை நிற்கிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். கற்றுக்கொடுப்பதற்கென்றே 'கைடு' என்று ஒரு வழிகாட்டிப் பகுதியும் அதில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக அதன் பட்டியலைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். தமிழில் எழுதிப் பிழைக்கிறவன் இதற்கு ஒரு கும்பிடு போடாமல் இருக்க முடியுமா? ஆனால் 2022-இன் ஆரம்பத்தில் அதன் தயாரிப்பு முடிந்துவிட்டது. பஜாரில் நல்லதாக ஒன்று எங்களுக்குக் கிடைக்கவில்லை. விலை குறைவு என்று கானன் 3000டியைச் சிலர் சிபாரிசு செய்தார்கள். அதில் லென்ஸ் பொருந்தும் வளையமே பிளாஸ்டிக், திரையும் சின்னது, மூக்குக்கண்ணாடிக்காரர் ஜன்னலைத் தம் கண்ணுக்குத் தக்கபடி திருத்திக்கொள்ளும் வசதியும் இல்லை. சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

ஸ்டூடியோக்காரர் ஒரு உண்மையையும் மறைக்காமல் சொன்னார். 1500டியின் தலையில் பிளாஷ் செருகும் இடத்தில், நடுவில் இருக்க வேண்டிய தொடர்புப் புள்ளி கிடையாது. ஸ்டூடியோக்களில் புழங்கும் பழைய மலிவு பிளாஷ்கள் எத்தனையோ அந்தப் புள்ளியை நம்பித்தான் எரிகின்றன, இதில் எரியா. தொழிலுக்கு வாங்குகிறவர்கள் தங்கள் பிளாஷைக் கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட வேண்டும். கம்பெனி விளம்பரத்தில் 24 மெகாபிக்சலைப் பற்றிப் படிக்கலாம். இந்த ஒரு புள்ளியைப் பற்றி அனுபவஸ்தர்தான் சொல்லுவார்.

ஒன்பதாம் நாள் வரை என் மனம் தோட்டின் பக்கமே சாய்ந்திருந்தது. அந்த வாரம் அவளுக்கு இரண்டாவது ஷிப்டு. இரவு பத்தே முக்காலுக்குத் தெருமுனையில் பஸ் நிற்கும். என் தங்கை தினமும் வாசற்படியில் வந்து உட்கார்ந்திருப்பாள். திண்ணையில் ஒரு சின்ன பல்பு. அன்று நானும் அங்கே இருந்தேன். மகள் வந்தாள், பையை வைத்தாள், உள்ளே போய்க் காமிராவை எடுத்து வந்தாள். "அம்மா, அப்படியே இரு."

சக்கரம் பச்சையில் இருந்தது. பிளாஷ் எழுந்து மின்னியது. படத்தில் என் தங்கை வெள்ளைச் சுவர் மாதிரி இருந்தாள்; பின்னால் வாசல் கன்னங்கரேல் என்று இருந்தது. "அழிச்சிடு அதை" என்றாள் தங்கை.

மகள் பதில் சொல்லவில்லை. பிளாஷின் தலையை உள்ளங்கையால் அமுக்கி மூடினாள். சக்கரத்தை 'எம்'முக்குத் திருப்பினாள். ஐ.எஸ்.ஓ. 3200. லென்ஸின் வாய் முழுவதும் திறந்து 3.5. ஷட்டர் ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்கு. முழங்கையைத் தூணில் அண்டக் கொடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டாள். 'டக்.'

படத்தில் பொடிப் பொடியாகப் புள்ளி இருந்தது. ஆனால் பல்பின் மஞ்சள் வெளிச்சம் பல்பின் வெளிச்சமாகவே இருந்தது. நெற்றியின் ஒரு பக்கம் வெளிச்சம். மறு பக்கம் இருட்டு. மகள் வந்துவிட்டாள் என்ற நிம்மதியும், நாளைக்கும் இதே மாதிரி உட்கார வேண்டுமே என்ற அலுப்பும் அந்த முகத்தில் சேர்ந்து இருந்தன. வருஷக்கணக்காக நான் பார்த்த முகம். ஆனால் நான் பார்க்கவில்லை. தங்கை அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கிழவி மாதிரி இருக்கேன்" என்றாள். ஆனால் அழிக்கச் சொல்லவில்லை.

என் தீர்ப்பு அங்கேதான் எழுதப்பட்டது. கைக்கு அடக்கம், கண்ணுக்குச் சற்றுக் குறுகல், விரலுக்கு ஒரு சக்கரம் குறைச்சல். செய்தவர்கள் கற்றுக்கொள்கிறவரைக் கொஞ்சம் மட்டமாகத்தான் நினைத்திருக்கிறார்கள். ஆனால் கதவைப் பூட்டிவிடவில்லை. பச்சைக்கு எட்டத்தில் 'எம்' என்று ஓர் எழுத்தை விட்டு வைத்திருக்கிறார்கள். அதுவரை திருப்புகிறவருக்கு இந்தக் காமிரா துரோகம் செய்யாது. திருப்ப மனமில்லாதவர்களுக்குச் செல்போனே போதும். அது இதைவிட அழகாகவே பொய் சொல்லும்.

"வாங்கு" என்றேன். ஒரு வார்த்தையோடு நிறுத்த முடியவில்லை. இரண்டாவது பாட்டரி ஒன்று வாங்கிக்கொள். பிளாஷை மாட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடு. அடுத்த சீட்டில் 1.8 அளவுக்குத் திறக்கும் 50 லென்ஸ் ஒன்று வாங்கு, 5.6-இல் வருவதைப் போல ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் வரும், இருட்டுக் கூடத்தில் யாரையும் மிரட்ட வேண்டாம் என்றெல்லாம் சொன்னேன். கைப்பிடி ரப்பர் தேய்ந்திருப்பதைக் காட்டி அவளே 1,500 ரூபாய் குறைத்துவிட்டாள். தோட்டுப் பேச்சை என் தங்கை அப்புறம் எடுக்கவில்லை. முழுக்க மறந்துவிட்டாள் என்றும் சொல்ல முடியாது.

சென்ற வாரம் போயிருந்தபோது காமிராவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தலைச் சக்கரத்தில் அந்தப் பச்சைக் குறியின் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"இது எதுக்கு?" என்றேன்.

"கை தானா அங்கேயே போகுது, மாமா" என்றாள்.